எஞ்சினுக்கு முதற் சூடு

எண்ணெய் எரிகின்றது என்று நாம் சொல்லுகின்றோம். வழக்கில் இது பொருந்துமாயினும், அறிவியல் நோக்கிற் சிறிது திருத்தம் வேண்டும். எரிவது எண்ணெயாகிய திரவமன்று. அத்திரவத்தினின்றும் எழுந்து காற்றோடு கலக்கும் ஆவியே எரிகின்றது. ஆவி எழுவதற்கு வெப்பம் வேண்டும். ஆகவே, எண்ணெயை எரித்து வெப்பம் பெற விரும்புவோன் முதலிற் சிறிது வெப்பத்தைத் தானே கொடுத்தாக வேண்டும். வணிகத்துக்கு முதல் வேண்டியவாறு போல வெப்பத்துக்கும் ஒரு முதல் வேண்டும்.

கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் பெற்றோமாக்ஸ் விளக்கு ஏற்றப்படுவதைக் கண்டவர்கள் இதனை நன்கறிவர். 1910 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் உருவான அவ்விளக்கில் மண்ணெண்ணெயே எரிகின்றது. ஆயினும் அதனை ஏற்றுவோர் முதலில் மண்ணெண்ணெயை நாடுவதில்லை. சிறு கிண்ணத்திலே மதுசாரத்தை வார்த்துக் கொளுத்தி, எண்ணெய்க் குழாயைச் சூடேற்றுவர். குழாய் காய்ந்தபின் காற்றை அடித்தால், மேலேறும் மண்ணெண்ணெய் குழாயினுள்ளே ஆவியாகி வெண்ணிற ஒளி தரும். பொறுமையற்றவர் குழாய் காயுமுன் காற்றடிப்பாராயின், எண்ணெய் திரவமாகவே வெளிப்பட்டுப் புகையும் பெருஞ்சுவாலையும் எழும். விளக்குக்கு உண்மையானது மோட்டார் எஞ்சினுக்கும் உண்மையாகும்.

இக்கட்டுரை அம்முதற் சூட்டைப் பற்றியது. இதனை எழுதுவதற்குக் காரணங்கள் இரண்டு. நம் கல்லூரியிற் பயின்றவர் பலர் கனடா, நோர்வே முதலிய குளிர்நாடுகளிற் குடியேறி வாழ்கின்றனர். அவர்களுள்ளே தொழிலுக்கெனப் பழைய பிக்கப் வாகனமொன்றை வாங்குவோரும் இருப்பர். குளிர்காலத்துக்கு முன்னர் அத்தகைய வாகனத்தில் எஞ்சின் சூடாக்கியைப் பொருத்துதல் கடுங்குளிர்ப் பிரதேசங்களில் வழக்கம். அது யாது, ஏன் வேண்டும், எவ்வாறு பொருத்துவது என்பன அவர்களுக்குப் பயன்படும். இரண்டாவது காரணம் நம் மண்ணைச் சார்ந்தது. பனியே காணாத யாழ்ப்பாணத்தில், ஆறிக்கிடக்கும் எஞ்சின் எரிபொருளை ஏற்க மறுக்கும் அதே இடர் ஒரு காலத்தில் எழுந்தது. நம் திருத்துநர்கள் அதற்கு வேறொரு விடை கண்டனர். அவ்விடை இன்றும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கின்றது.

இரண்டு எண்ணெய்களின் இயல்பு

பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரே பாறையெண்ணெயைக் காய்ச்சி வடிப்பதாற் கிடைப்பவை. இரண்டும் ஐதரசனும் காபனும் சேர்ந்த பல சேர்வைகளின் கலவைகளாம். பெற்றோலிலுள்ள சேர்வைகள் இலேசானவை. ஏறத்தாழ 35 பாகை செல்சியசிற் கொதிக்கத் தொடங்கி 200 பாகையளவில் முற்றாக ஆவியாகிவிடுவன. மண்ணெண்ணெயிலுள்ளவை பாரமானவை, அவற்றின் கொதிநிலைகள் ஏறத்தாழ 150 பாகை முதல் 300 பாகை வரை பரந்துள்ளன.

இவ்வேறுபாட்டை வேறொரு வகையிலும் அளக்கலாம். ஒரு திரவத்தின்மேல் தீச்சுடரொன்றைப் பிடித்தால், ஒருகணம் பற்றுதற்குப் போதிய ஆவியை அது தரத்தொடங்கும் வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். பெற்றோலின் தீப்பற்றுநிலை பூச்சியத்தின் கீழ் 40 பாகையிலும் தாழ்ந்தது. மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலையோ பொதுவாக 38 பாகைக்கு மேற்பட்டது. யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. இந்தப் பத்துப் பாகை வேறுபாடே மண்ணெண்ணெயை அடுக்களையில் வைத்திருக்கத்தக்க பொருளாக்கியது. அதே பத்துப் பாகை எஞ்சினுக்கு அதனை ஒவ்வாத பொருளாக்கியது.

காபரேற்றர் உடைய எஞ்சினில் எரிபொருள் சிறு துளிகளாகத் தெறித்துக் காற்றோடு உருளையினுட் செல்கின்றது. ஒரு கிலோகிராம் பெற்றோல் நன்கு எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். அப்பெற்றோல் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 கிலோயூல் மறைவெப்பம் தேவை. அதனை உடன்செல்லும் காற்றிலிருந்தே எடுப்பதாயின் 15 கிலோகிராம் காற்றும் 20 பாகைக்கு மேற் குளிர்ந்துவிடும். எனவே ஆவியாதல் தன்னைத்தானே தடுக்கும் செயல்; ஆவியாக ஆகச் சூழல் குளிர்கின்றது, குளிரக் குளிர ஆவியாதல் குறைகின்றது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் உட்செல்குழாயும் உருளைச் சுவரும் சூடாயிருப்பதால் இக்குறை தோன்றுவதில்லை. ஆறிய எஞ்சினில் துளிகள் குளிர்ந்த சுவரிலே படிந்துவிடுகின்றன. மின்பொறி பிறந்தும் பற்றுதற்கு ஆவியில்லை.

அவ்வாறு படியும் திரவத்தால் வேறொரு கேடும் விளைகின்றது. அது உருளைச் சுவரிலுள்ள உராய்வுநீக்கி எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, முசல வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியை அடைகின்றது. தொட்டியிலுள்ள எண்ணெய் நீர்த்துப்போக, தாங்கிகளும் வளையங்களும் விரைவில் தேய்கின்றன. தொடங்க மறுத்த எஞ்சின் அன்றைய பயணத்தை மட்டுமே கெடுக்கும். எண்ணெய் நீர்த்த எஞ்சினோ வாகனத்தின் ஆயுளையே கெடுக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள்ளாயிற்று. மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெயே கட்டுப்பாடுகளுடன் வந்துகொண்டிருந்தது. களவாக வந்த பெற்றோல் மருந்துபோலத் துளித்துளியாக விற்கப்பட்டது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலும், விளைபொருளைச் சந்தையிற் சேர்த்தலும், இடம்பெயர்ந்தோரின் பொருள்களை ஏற்றுதலும் நிற்பதற்கில்லை. எனவே கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தில் மாணவனாயிருந்த யான் அவற்றின் பின்னால் எழும் வெண்புகையையும், சரியாக எரியாத மண்ணெண்ணெயின் மணத்தையும் நாடோறும் அறிந்தவன்.

அம்முறை எளிது. ஒரு சிறு போத்தலிற் சிறிது பெற்றோல் இருக்கும். குழந்தைகளின் சூப்பிப் போத்தலும் இதற்குப் பயன்பட்டது. காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவர். பெற்றோல் உடனே ஆவியாதலின் எஞ்சின் பற்றிக்கொள்ளும். உட்செல்குழாய் காயும்வரை இடையிடையே துளி விடுவர். காய்ந்தபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். அதன்பின் எஞ்சின் தன் சூட்டினாலேயே மண்ணெண்ணெயை ஆவியாக்கி ஓடும். பெற்றோமாக்ஸ் விளக்கில் மதுசாரம் செய்யும் பணியை இங்குப் பெற்றோல் செய்தது. டீசல் எஞ்சின்களின் கதை வேறு. அவற்றில் எரிபொருளே பம்பிக்கு உராய்வுநீக்கியாகவும் பயன்படுவதால், வறண்ட இயல்புடைய மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் கலந்தனர்.

இத்தகைய ஓட்டத்துக்குப் பழைய ஆங்கிலக் கார்களே ஏற்றனவாயின. 1947 இல் வெளிவந்த ஓஸ்ரின் ஏ-40 டெவன், அதன்பின் வந்த சொமசெற், 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆகியன நம் வீதிகளில் நெடுங்காலம் நிலைத்தன. பழைமைமேற் கொண்ட பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. முதலாவதாக, அவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது; ஓஸ்ரின் ஏ-40 இல் அது ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. மண்ணெண்ணெய்க் கலவையை மிக அமுக்கினால் அது காலத்துக்கு முந்தித் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். அமுக்கம் தாழ்ந்த எஞ்சினில் இவ்விடர் குறைவு. இரண்டாவதாக, அவ்வெஞ்சின்களில் உட்செல்குழாயும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வெளியேறும் புகையின் சூடு உள்வரும் கலவையைக் காய்ச்சும். குளிர்ந்த ஆங்கில நாட்டுக் காலையிற் பெற்றோலை ஆவியாக்கும் பொருட்டு அமைத்த ஒழுங்கு, வெப்பமான யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கிற்று. பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இவ்விரு குழாய்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தன. அமுக்க விகிதமும் உயர்ந்தது. புதிய கார்கள் முடங்கப் பழையவை ஓடியதன் காரணம் இதுவே.

இவ்வோட்டத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் எண்ணெய்த் தொட்டியிற் சேர்ந்து உராய்வுநீக்கியை நீர்க்கச் செய்தது. எண்ணெயை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். தடைக்காலத்தில் அதுவும் அரிய பொருள். குறுந்தூரம் ஓடி நின்று ஆறும் வாகனமே பெருங்கேடுற்றது; நெடுந்தூரம் சூடாக ஓடிய வாகனம் குறைந்த கேடே அடைந்தது. எரிபொருள் எதுவாயினும் எஞ்சினின் பகை குளிர்ந்த தொடக்கமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோட்டத்திலிருந்து வந்த அறிவு

தடைக்காலத்துத் திருத்துநர்கள் இவ்வழியை வெறுமையிலிருந்து கண்டாரல்லர். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் தோட்டங்களில் துலாவுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய இறைப்பு இயந்திரங்கள் புகுந்திருந்தன. அவற்றுட் பலவற்றுக்கு இரு தாங்கிகள் உண்டு; பெரியதில் மண்ணெண்ணெய், சிறியதிற் பெற்றோல். பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அனுபவமுள்ள கமக்காரன் இறைப்பு முடியுந் தறுவாயில் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டே நிறுத்துவான். காபரேற்றரில் மண்ணெண்ணெய் எஞ்சியிருந்தால் மறுநாட் காலை எஞ்சின் பற்றாது என்பது அவனுக்குத் தெரியும்.

மேல்நாட்டிலும் இதுவே வழக்கு. 1917 இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெய்க்கெனவே அமைந்தது. 1949 இல் வெளிவந்த பேகுசன் டி.ஈ.டி.20 என்னும் இயந்திரம் பெற்றோலில் தொடங்கி, உழவு இயந்திரங்களுக்கென வடித்த ஒருவகை மண்ணெண்ணெயில் ஓடியது. அதன் உட்செல்குழாயின் சூடு சிதறாதவாறு தகட்டுறையும் இட்டிருந்தனர். இன்னும் பின்னோக்கின், ஹேபேட் அக்றோயிட் ஸ்ருவாட் 1890 இல் உரிமம் பெற்ற எண்ணெய் எஞ்சினில், தொடக்குமுன் அதன் தலையிலுள்ள குமிழை ஊதுவிளக்கினாற் காய்ச்சினர். எஞ்சினுக்கு முதற் சூடு கொடுக்கும் வழக்கம் எண்ணெய் எஞ்சின் அளவு பழைமையானது.

குளிர்நாட்டின் மூன்று தடைகள்

இப்பொழுது குளிர்நாட்டுக்குச் செல்வோம். கனடாவிலுள்ள தமிழருட் பெரும்பாலோர் வாழும் ரொறன்ரோவின் குளிர் ஓரளவு மிதமானது. வினிப்பெக், எட்மன்ரன் போன்ற மேற்கு நகரங்களிலோ தை மாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்தின் கீழ் 25, 30 பாகைக்கு இறங்குதல் புதுமையன்று. அங்கு இரவு முழுதும் வெளியில் நின்ற பழைய பிக்கப் ஒன்றைக் காலையில் தொடக்க முயல்வோனுக்கு மூன்று தடைகள் எதிர்ப்படும்.

முதலாவது நாம் மேலே கண்ட ஆவித் தடை. தீப்பற்றுநிலையை நோக்கின், பூச்சியத்தின் கீழ் 30 பாகையிலுள்ள பெற்றோலின் நிலை 28 பாகையிலுள்ள மண்ணெண்ணெயின் நிலையினும் சிறிது நன்று. குளிர்காலத்துக்கென விரைவில் ஆவியாகும் கூறுகளை மிகுதியாகச் சேர்த்த பெற்றோலையும் அந்நாட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் விற்கின்றன. ஆதலின் இத்தடையளவில் நம் தடைக்காலத் திருத்துநரின் வேலையே கடினமானது.

ஆனால் மற்றை இரு தடைகளும் நாம் அறியாதவை. எஞ்சின் எண்ணெய் குளிரில் தேன்பாகுபோல இறுகுகின்றது. அதன் பிசுக்குமை மிகுவதால் எஞ்சினைச் சுழற்றுதல் பன்மடங்கு கடினமாகின்றது. எண்ணெய் மேற்பகுதிகளைச் சென்றடையவும் நேரமாகின்றது. அதுவரை உலோகம் உலோகத்தோடு உராயும். மூன்றாவது பற்றரி. அதனுள் நிகழும் இரசாயனத் தாக்கம் குளிரில் மந்தமடைகின்றது. பூச்சியத்தின் கீழ் 18 பாகையில் அது தரவல்ல வலு அறை வெப்பநிலையில் தருவதிற் பாதியினும் குறைவு. சுழற்றுதற்கு வேண்டிய வலு கூடுகின்ற வேளையிலேயே கிடைக்கும் வலு குறைகின்றது.

மின்சூடாக்கி வருமுன் மக்கள் எஞ்சின் எண்ணெயை இரவில் வடித்து வீட்டுக்குள் அடுப்பருகே வைத்திருந்து, காலையில் மீண்டும் வார்த்தனர். ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டாவிலுள்ள கிறாண்ட் போக்ஸ் நகரத்தைச் சேர்ந்த அன்றூ பிறீமன் என்பவர் 1947 இல் உருளைத்தலை ஆணியொன்றின் இடத்திற் பூட்டத்தக்க மின்சூடாக்கியை ஆக்கி, 1949 நவம்பரில் அதற்கு உரிமம் பெற்றார். இன்று மேற்கூறிய மேற்கு நகரங்களில் வாகனத் தரிப்பிடங்களிலும் மின்செருகுவாய்கள் அமைந்திருத்தலைக் காணலாம். வாகனத்தின் முன்புறம் தொங்கும் மின்வடத்தைக் கண்டு புதிதாய் வந்தோர் அது மின்சார வாகனமோ என ஐயுறுதலும் உண்டு.

எவ்வளவு சூடு வேண்டும்?

இதனைச் சிறிய கணக்கினால் விளக்கலாம். எஞ்சினில் 150 கிலோகிராம் இரும்பும் 10 லீற்றர் குளிர்த்தித் திரவமும் உள்ளன எனக் கொள்வோம். ஒரு கிலோகிராம் இரும்பை ஒரு பாகை உயர்த்த 0.46 கிலோயூல் வேண்டும். 150 கிலோகிராமுக்கு 69 கிலோயூல். குளிர்த்தித் திரவத்துக்கு ஏறத்தாழ 36 கிலோயூல். ஆக, எஞ்சினை ஒரு பாகை உயர்த்த 105 கிலோயூல் தேவை. 600 வாற்றுச் சூடாக்கி ஒன்று இரண்டு மணி நேரத்தில் 4,320 கிலோயூல் தரும். அதனை 105 ஆல் வகுத்தால் 41 பாகை வரும். இதிற் பாதி காற்றிற் போய்விட்டது என்று கொண்டாலும் 20 பாகை மிஞ்சும். பூச்சியத்தின் கீழ் 25 பாகையில் நின்ற எஞ்சின் பூச்சியத்தின் கீழ் 5 பாகைக்கு வருகின்றது. எஞ்சின் எளிதிற் பற்றுதற்கு இது போதும்.

இரவு முழுதும் சூடாக்கியை இயக்கினால் எஞ்சின் மேன்மேலும் சூடாகும் என்று கருதுதல் பிழை. எஞ்சின் காயக் காய அதிலிருந்து வெளியேறும் வெப்பமும் கூடுகின்றது. சில மணி நேரத்தில் வரவும் செலவும் சமமாகி, வெப்பநிலை ஓரிடத்தில் நின்றுவிடும். பத்து மணி நேரம் இயக்கினால் 6 அலகு மின்சாரம் செலவாகும். இரண்டு மணி நேரத்துக்கு 1.2 அலகே போதும். நேரக்கருவியொன்றை இணைத்து, புறப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி முன்னர் சூடாக்கியை இயக்குக என்பது கனடாவின் இயற்கைவளத் திணைக்களம் கூறும் அறிவுரை. பூச்சியத்தின் கீழ் 20 பாகையில் இதனால் எரிபொருட் செலவு 10 சதவீதம் வரை குறையலாம் என்பதும் அத்திணைக்களத்தின் கூற்று.

பொருத்தும் முறை

சூடாக்கிகள் பலவகைப்படும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் தகடு, றேடியேற்றரின் கீழ்க்குழாயை வெட்டி இடையே பூட்டும் சூடாக்கி, குளிர்த்தித் திரவத்தினுள் மூழ்கும் சூடாக்கி என்பன பெருவழக்கின. பழைய பிக்கப்புக்குப் பெரிதும் ஏற்றது இறுதியிற் கூறியது. எஞ்சினின் வார்ப்பிரும்புடலில் நாணயம்போன்ற வட்டத் தகடுகள் சில அடைக்கப்பட்டிருக்கும். வார்ப்பின்போது உள்ளிருந்த மணலை எடுத்த துவாரங்களின் மூடிகளே அவை. அவற்றுள் ஒன்றை அகற்றி அவ்விடத்திற் சூடாக்கியைப் பூட்டுவர். எந்த மூடி என்பதும், சூடாக்கியின் அளவு யாது என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அவற்றைச் சூடாக்கி செய்தோரின் அட்டவணை கொண்டே துணிதல் வேண்டும்.

முதற் பனி விழுமுன், இலையுதிர் காலத்திலேயே வேலையைச் செய்தல் நன்று. எஞ்சின் முற்றாக ஆறியிருத்தல் வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, றேடியேற்றரிலும் எஞ்சினுடலிலுமுள்ள குளிர்த்தித் திரவத்தை ஏனமொன்றில் வடித்தெடுக்க. அத்திரவத்திலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும் அணுகவிடலாகாது. பின்னர் மூடியின் ஓரமொன்றை உளிபோன்ற கருவியால் மெல்லத் தட்டினால் மூடி குறுக்காகத் திரும்பும். அதனைக் குறட்டினாற் பற்றி வெளியே இழுக்க. உள்ளே விழவிடலாகாது.

துவாரத்தின் விளிம்பிலுள்ள துருவை உரத்தாளினால் தேய்த்துத் துடைக்க. பழைய வாகனத்தில் இப்படியை விரைந்து கடப்போர் பின்னர் ஒழுக்கினால் வருந்துவர். சூடாக்கியின் றப்பர் வளையத்திற் சிறிது கிறீஸ் பூசி, அதனை நேராகச் செருகுக. சூடேறும் கம்பிச்சுருள் உட்சுவரைத் தொடாதபடி திருப்பி வைத்து, திருகாணியை அளவோடு இறுக்குக. கம்பிச்சுருள் சுவரைத் தொட்டால் அவ்விடத்திற் கருகி விரைவில் அற்றுப்போகும்.

இனி, எதிலீன் கிளைக்கோலையும் தூய நீரையும் சமபங்காகக் கலந்து வார்க்க. இக்கலவை பூச்சியத்தின் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரை உறையாது. எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, திரவ மட்டத்தை மீண்டும் நிரப்பி, பூட்டிய இடத்தில் ஒழுக்கு உண்டோ என்று பார்க்க. இவை அனைத்தும் முடிந்த பின்னரே சூடாக்கிக்கு மின்சாரம் கொடுத்தல் வேண்டும். திரவம் இல்லாத வேளையில் மின்சாரம் கொடுத்தாற் சூடாக்கி சில கணங்களில் எரிந்துவிடும்.

மின்வடத்தைப் புகைபோக்கி, காற்றாடி, பட்டி ஆகியவற்றுக்கு விலக்கி, பல இடங்களிற் கட்டி, முன்தடுப்பினூடாக வெளியே கொணர்க. நீட்டு வடம் மூன்று கம்பிகளும் புவித்தொடுப்பும் உடையதாய், வெளியிடத்துக்கென ஆக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற். 600 வாற்றுச் சூடாக்கி 5 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டுக்குள் விளக்கெரிக்கும் மெல்லிய வடம் இதனைத் தாங்காது சூடாகித் தீவிபத்துக்கு வழிவகுக்கும். மின்செருகி சாரதியின் கண்ணிற் படுமாறு தொங்குதலும் முக்கியம். அதனைக் கழற்ற மறந்து வாகனத்தைச் செலுத்திச் சுவர்ச் செருகுவாயையே பிடுங்கிச் சென்றோர் அந்நாடுகளிற் பலர்.

சூடாக்கி செய்யாதவை

இக்கருவி எல்லாவற்றையும் செய்யவல்லதன்று. மூழ்கு சூடாக்கி குளிர்த்தித் திரவத்தையும் எஞ்சினுடலையுமே காய்ச்சும். தொட்டியிலுள்ள எண்ணெய்க்கு அதன் சூடு சிறிதே எட்டும். ஆதலின் குளிர்காலத்துக்குரிய இளகிய எண்ணெயை இடுதலும் வேண்டும். எண்ணெய்ப் பெட்டிகளில் 5டபிள்யூ-30 என எழுதியிருத்தலைக் காண்கின்றோம். அவ்வெழுத்து குளிர்காலத்துக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தேயாம். பற்றரி கிழடாயிருப்பின் சூடாக்கி அதனை இளமையாக்காது. எஞ்சின் பற்றிய பின்னரும் முதற் சில நிமிடங்கள் மெல்லச் செலுத்துதலே முறை. தரித்த இடத்தில் நெடுநேரம் வெறுமனே ஓடவிடுவதால் எஞ்சின் விரைந்து சூடாகாது, எரிபொருளே வீணாகும்.

முடிவுரை

நாம் கண்ட இரு விடைகளையும் இனி ஒப்பு நோக்கலாம். குளிர்நாட்டில் எரிபொருளை மாற்றாது, எஞ்சினுக்கு வெளியிலிருந்து வெப்பத்தைக் கொடுத்தனர். அங்கு மின்சாரம் உண்டு, செருகுவாய் உண்டு, கடையிற் சூடாக்கி உண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கடையிற் பொருளும் இல்லை. ஆகவே விரைவில் ஆவியாகும் எண்ணெயிற் சில துளியை எரித்து, அதன் வெப்பத்தாலேயே ஆவியாக மறுக்கும் எண்ணெயை இணங்கவைத்தனர். விதி ஒன்று, வசதிக்கேற்ப வழி இரண்டு. விதியை அறிந்தவனுக்கு எந்நாட்டிலும் ஒரு வழி புலப்படும். வழியை மாத்திரம் மனனஞ் செய்தவன் நாடு மாறியதும் திகைத்து நிற்பான்.

இங்கு நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அன்றூ பிறீமனின் சூடாக்கி எவ்வாறு அமைந்தது என்பதை இன்றும் அவருடைய உரிமப் பத்திரத்திற் படித்தறியலாம். மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய நம் திருத்துநர்களின் நுட்பங்களோ அவர்களோடு மறையுந் தறுவாயில் உள்ளன. மின்பொறியின் நேரத்தை எவ்வளவு பிந்தவைத்தனர், காபரேற்றரின் துவாரத்தை எவ்வாறு அளவிட்டனர், எண்ணெய் நீர்த்ததை எவ்வடையாளத்தால் அறிந்தனர் என்பவற்றை அறிந்தோர் இன்று முதுமையடைந்துவிட்டனர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழைய கராச் இருக்கும். அங்கே அக்காலத்தில் வேலை செய்த ஒருவர் இருப்பார். பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் குறிப்பேட்டுடன் அவரிடம் சென்று, கேட்டதை எழுதி, அதன் காரணத்தைத் தன் பாடநூலோடு ஒப்பிட்டு நோக்குவானாயின், அது இச்சஞ்சிகையில் இடம்பெறத்தக்க நல்ல ஆய்வாகும். கடுங்குளிரில் வாகனம் ஓட்டும் பழைய மாணவர் தம் அனுபவத்தையும் எழுதி அனுப்புவாராக. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் இளைஞர், வெப்பவியலை வெறுஞ் சமன்பாடாக மட்டும் கருதமாட்டார்.